பெட்ரோல் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன்கள்

முதல் உலகப் போரின் விமானிகளைப் பற்றி நாடகமோ படமோ எடுப்பவர்கள் பயத்தைக் காட்டுவதற்கு ஒரே பாதையில்தான் போகிறார்கள். நடுங்கும் கை, காலியான விஸ்கி பாட்டில், ராத்திரி அலறியபடி எழும் பையன். இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் எதை நினைத்து நடுங்கினான் என்று கேட்டால், அந்தக் காட்சிகளில் பதில் கிடைக்காது. சாவுபயம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். அவனுடைய பயங்களுக்கோ தனித்தனியாக இடம் உண்டு. ஒன்று முழங்காலுக்கு முன்னால் இருந்த பெட்ரோல் தொட்டியில். இன்னொன்று துப்பாக்கியின் தோட்டாப் பட்டையில். மற்றொன்று சூரியன் இருக்கும் திசையில். இவை எப்படி வேலை செய்தன என்று தெரிந்தால்தான் கை ஏன் நடுங்கியது என்பது புரியும்.

1917 ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸின் அராஸ் நகரையொட்டி ஏப்ரல் 9 அன்று பிரிட்டிஷ் தரைப்படையின் தாக்குதல் தொடங்கியது. பீரங்கிகளுக்குக் குறி சொல்லவும் எதிரியின் பதுங்குகுழிகளைப் படம் பிடிக்கவும் விமானங்கள் தினமும் போர்முனை எல்லையைத் தாண்டியாக வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் தரைப்படையின் விமானப் பிரிவான ராயல் ஃப்ளையிங் கோரின் தளபதி ஹியூ ட்ரென்சார்ட் இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்த ஒரே மாதத்தில் பிரிட்டிஷ் தரப்பு இழந்தது சுமார் 245 விமானங்கள். ஜெர்மன் தரப்பு இழந்தது சுமார் 66.

இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் கையில் இருந்த விமானம். பி.இ.2 என்ற பிரிட்டிஷ் வேவு விமானம் மணிக்கு 115 கிலோமீட்டர் அளவில்தான் பறக்கும். கையை எடுத்துவிட்டாலும் நேராகப் பறக்கும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். படம் பிடிக்க அது வசதி. ஆனால் துரத்தப்படும்போது சட்டென்று திரும்பாத விமானம் எமன்தான். போதாக்குறைக்குத் துப்பாக்கி வைத்திருந்த பார்வையாளர் முன் இருக்கையில் இருந்தார். அவரைச் சுற்றிலும் இறக்கைகள், கம்பிகள், முன்னால் ப்ரொபெல்லர். பின்னாலிருந்து வருபவனைச் சுட வேண்டுமென்றால் விமானியின் தலைக்கு மேலாகத்தான் சுட வேண்டும். எதிரே வந்த ஜெர்மன் சண்டை விமானமான ஆல்பட்ராஸ் டி.3, மணிக்கு 175 கிலோமீட்டர் வேகமும் ப்ரொபெல்லரின் ஊடே சுடும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் கொண்டது.

புதிய விமானம் வந்தாலும் அதைப் பயன்படுத்தும் முறை தெரியாவிட்டால் கதை அதேதான். ஏப்ரல் 5 அன்று பிரிஸ்டல் சண்டை விமானங்கள் ஆறு முதல்முறையாக எல்லை தாண்டின. தலைமை தாங்கியவர் லீஃப் ராபின்சன். முந்தைய ஆண்டு ஒரு ஜெர்மன் வான்கப்பலை வீழ்த்தி பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். நெருக்கமாக அணிவகுத்து, பின்னிருக்கைத் துப்பாக்கிகளை நம்பிப் பறக்க வேண்டும் என்பது திட்டம். புகழ்பெற்ற ஜெர்மன் விமானி ரிக்தோஃபனின் சண்டைப் பிரிவான யாஸ்டா 11 வழிமறித்தது. ஆறில் நான்கு விழுந்தன, ராபின்சன் கைதானார். சில வாரங்களில் விமானிகள் முறையை மாற்றினார்கள். முன்னால் இருந்த விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியை முதன்மை ஆயுதமாக வைத்து, ஓரிருக்கை விமானத்தைப் போல வளைத்து ஓட்டினார்கள். அதே பிரிஸ்டல் போர் முடியும்வரை ஜெர்மானியர் மதித்த விமானமாக இருந்தது.

எல்லை தாண்டியவர்களில் பலர் தனியாக 20 மணி நேரம்கூடப் பறந்திராதவர்கள். பயிற்சி விமானத்தில் ஆசிரியர் சொல்வது இன்ஜின் இரைச்சலில் மாணவனுக்குக் கேட்காது. தோளைத் தட்டுவதும் கத்துவதும்தான் பாடம். ஆசிரியர்களில் பலர் போர்முனையில் நரம்பு தளர்ந்து ஓய்வுக்காக அனுப்பப்பட்டவர்கள். மாணவன் செய்யும் தவறு அவர்களையும் கொல்லும் என்பதால் ஆபத்தான எதையும் கற்றுத்தரத் தயங்கினார்கள். சுழன்று விழுவது அப்படி விட்டுப்போன பாடங்களில் ஒன்று. வேகம் குறைந்து இறக்கை தாங்காமல் போகும்போது விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து, பம்பரமாகச் சுற்றிக்கொண்டே விழும். மீளும் வழி எளிது: இன்ஜினைக் குறை, விமானத்தை ஓட்டும் கோலை நடுவுக்கும் முன்னுக்கும் தள்ளு, சுற்றுக்கு எதிர்ப்பக்கச் சுக்கானை மிதி, சுற்று நின்றதும் மெதுவாக மேலே இழு. ஆனால் மூக்கு ஏற்கனவே தரையைப் பார்க்கும்போது கோலை முன்னால் தள்ளு என்பது உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது. சொல்லித்தராவிட்டால் யாரும் பயத்தில் கோலை வயிற்றோடு சேர்த்துத்தான் இழுப்பார்கள். அப்படி இழுத்துக்கொண்டே தரையில் மோதியவர்கள் ஏராளம்.

இதை மாற்றியவர் ராபர்ட் ஸ்மித்-பேரி. போர்முனையில் 60-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவை நடத்தியபோது, தன்னிடம் வந்த பையன்களின் அரைகுறைப் பயிற்சியைப் பார்த்து மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் அவர் அமைத்த பள்ளியில் ஆவ்ரோ 504 விமானம், ஆசிரியர் வாயிலிருந்து மாணவன் காதுக்கு ஒரு ரப்பர் குழாய், ஆபத்துகளை வேண்டுமென்றே உண்டாக்கி மீளக் கற்பிக்கும் பாடத்திட்டம் எல்லாம் வந்தன. பயத்துக்கு அந்தப் போரில் கிடைத்த நல்ல மருந்து என்று நான் சொல்வது இதைத்தான். தைரியம் என்று நாம் சொல்வதில் பாதி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருப்பது.

சண்டைக்கு முன்பே கொல்லக்கூடிய விமானம் பிரிட்டிஷாரின் சாப்வித் கேமல். அதன் சுழல் இன்ஜினில் கிராங்க்ஷாஃப்ட் அசையாமல் நிற்க, ஒன்பது சிலிண்டர்களும் ப்ரொபெல்லரோடு சேர்ந்து சுற்றும். இன்ஜின், துப்பாக்கிகள், பெட்ரோல், விமானி எல்லாம் முன்பக்க ஏழு அடிக்குள் அடைபட்டிருக்க, அத்தனை எடையும் முன்னால் சுற்றும் அந்த உலோகத்தின் இழுப்புக்குக் கட்டுப்பட்டது. வலப்பக்கம் திருப்பினால் மூக்கு கீழே சாயும், இடப்பக்கம் திருப்பினால் மேலே ஏறும். இரண்டுக்கும் இடது சுக்கானைத்தான் மிதிக்க வேண்டும். தெரிந்தவன் கையில் வலப்பக்கம் கேமலைப் போலத் திரும்ப வேறு விமானம் இல்லை. தெரியாதவனை அது சில நொடிகளில் சுழலில் தள்ளிவிடும்.

புதியவர்கள் மாட்டிக்கொண்ட இடம் கிளம்பும் நொடி. ஓடும்போது பெட்ரோல் கலவை செறிவாக இருக்க வேண்டும். தரையை விட்டு எழும்பியதும் இடது கையால் சின்ன நெம்புகோலை நகர்த்திக் கலவையை மெலிதாக்க வேண்டும். மறந்தால் இன்ஜின் மூச்சுத்திணறி நிற்கும். நூறடி, இருநூறடி உயரம், வேகம் இல்லை, மூக்கு மேலே. நேரே எதிரில் இருக்கும் வயலில் இறங்கு என்பதுதான் விதி. ஆனால் பின்னால் பத்திரமான ஓடுதளம் தெரியும்போது திரும்பிவிடலாம் என்று கை தானாகத் திருப்பும். அவ்வளவுதான், இறக்கை விழுந்து சுழல் தொடங்கும். மீள உயரம் இருக்காது. போரில் கேமல் ஓட்டி எதிரியால் செத்தவர்கள் 413 பேர், மற்றக் காரணங்களால் செத்தவர்கள் 385 பேர் என்ற கணக்கைப் பார்த்தால், தன் விமானத்தைக் கண்டே ஒருவன் பயந்தது கோழைத்தனம் இல்லை என்பது விளங்கும்.

அந்தச் சுழல் இன்ஜினுக்கு ஊற்றியது விளக்கெண்ணெய். கலவை கிராங்க்கேஸ் வழியாகவே போவதால், பெட்ரோலில் கரையாத எண்ணெய் தேவைப்பட்டது. உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, எரிந்தும் எரியாமலும் வெளியே தெறிக்கும். இரண்டு மணி நேரம் அதன் புகையை மூச்சில் இழுத்தவர்களுக்கு வயிறு போவது வழக்கமான தொல்லை. கண்ணாடியில் எண்ணெய் படிந்துகொண்டே இருக்கும், கையுறையின் பின்பக்கத்தால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். துடைத்த தடம் ஒரு மங்கலான வளைவாகக் கண்ணாடியில் நிற்கும். அந்த வளைவுக்குள் தெரியும் புள்ளி எண்ணெய்த் துளியா, எதிரியின் விமானமா என்று முடிவு செய்வதுதான் வேலை. படங்களில் வரும் பளபளப்பான முகங்கள் எனக்கு உறுத்துவது இதனால்தான். இறங்கி வருபவனின் முகத்தில் கண்ணாடி மூடியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகவும் மற்றதெல்லாம் எண்ணெய்க் கருப்பாகவும் இருக்க வேண்டும்.

உயரத்தின் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும். தரையில் 15 டிகிரி இருந்தால் 18,000 அடியில் மைனஸ் 21. அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதி. திறந்த காக்பிட், முகத்தில் புயல்போல் காற்று, ஆக்சிஜன் கிடையாது. திமிங்கிலக் கொழுப்பை முகத்தில் பூசிக்கொள்வார்கள், தொடைவரை வரும் கம்பளிப் பூட்ஸ் போடுவார்கள். சிட்னி காட்டன் வடிவமைத்த ஒரே துண்டான காப்பு உடை 1917-இல் வந்த பிறகு கொஞ்சம் விமோசனம். ஆனால் ஆக்சிஜன் குறைவுக்கு உடை என்ன செய்யும்? தலை வலிக்கும், கணக்கு பிசகும், பார்த்ததை மறுபடி பார்ப்பதற்குச் சோம்பல் வரும். விமானிக்கு அந்தச் சோம்பல் தெரியவே தெரியாது என்பதுதான் கொடுமை.

பார்ப்பதே பாதி உயிர். தாக்குபவன் சூரியனிலிருந்து வருவான். அதனால் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் சூரியவட்டத்தை மறைத்து, அதன் ஓரங்களில் தேடுவார்கள். தலை ஓயாமல் திரும்பிக்கொண்டே இருப்பதால் கம்பளிக் காலர் கழுத்தை அறுக்கும். பட்டுத் துண்டு கட்டியது அதற்காகத்தான்.

காற்றும் எதிரிதான். அந்தப் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். சண்டையில் சுற்றிச் சுற்றி வரும் விமானங்கள் எல்லாம் தெரியாமலே ஜெர்மன் பக்கம் தள்ளப்படும். பெட்ரோல் குறைந்து, இன்ஜின் அடிபட்டு வீடு திரும்பும்போது எதிர்க்காற்று. 150 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவனுக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால், தரையில் அவன் கடப்பது 90 மட்டுமே. கீழே பீரங்கிகள் அவனுக்காகக் காத்திருக்கும்.

இனி துப்பாக்கி. விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்கு முதலில் துணிப் பட்டையில் தோட்டாக்கள் கோத்திருந்தார்கள். ஈரத்தில் துணி உப்பும், உயரத்தில் உறையும், தோட்டா வழுக்கி வராமல் சிக்கும். கழன்று விழும் உலோகக் கொக்கிப் பட்டை வந்த பிறகு அந்தத் தொல்லை தணிந்தது. ஆனாலும் வீங்கிய தோட்டா உறை, வலுவில்லாத மருந்து, பட்டையில் கோணலாக இருந்த ஒரே ஒரு தோட்டா போதும். வலப்பக்கக் கைப்பிடி எந்தக் கோணத்தில் நின்றுபோயிருக்கிறது என்று பார்த்து என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும். கோணங்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. காக்பிட்டில் ஒரு சின்னச் சுத்தியலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சுடப்பட்டுக்கொண்டிருக்கும்போது, உறைந்த விரல்களோடு, ஒரு கையால் விமானத்தை ஓட்டி மறு கையால் கைப்பிடியைத் தட்ட வேண்டும். தோட்டா உறை உள்ளே உடைந்து சிக்கியிருந்தால் வானத்தில் ஒன்றும் செய்வதற்கில்லை, ஓடித் தப்புவதுதான். அதனால் அக்கறையுள்ளவர்கள் முந்தைய இரவே தோட்டாக்களை ஒவ்வொன்றாக அளவுகோலில் போட்டுப் பார்த்து, சந்தேகமானதை ஒதுக்கினார்கள். மெக்கடன், மானக் போன்ற முன்னணி பிரிட்டிஷ் விமானிகள் தங்கள் துப்பாக்கிகளைத் தாங்களே கவனித்துக்கொண்டார்கள். இருட்டிய கொட்டகையில் ஒருவன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தோட்டாக்களை எண்ணிக்கொண்டிருக்கும் காட்சி, விஸ்கி பாட்டிலைவிட அவன் பயத்தை நன்றாகச் சொல்லும்.

எஸ்.இ.5ஏ என்ற பிரிட்டிஷ் ஓரிருக்கைச் சண்டை விமானத்தில் மேல் இறக்கையில் ஒரு லூயிஸ் துப்பாக்கியும் உண்டு. தோட்டாக்கள் அடுக்கிய அதன் வட்டில் 97 தோட்டாக்கள், விடாமல் சுட்டால் பத்து நொடிக் கணக்கு. மாற்றுவதற்குக் கோலை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு, துப்பாக்கியைத் தண்டவாளத்தில் கீழே இழுத்து, காலி வட்டைக் கழற்றி, காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் புதியதைப் பொருத்த வேண்டும். 1915 மே 10 அன்று லூயிஸ் ஸ்ட்ரேஞ்ச் என்பவர் தன் மார்டின்சைடு விமானத்தில் சிக்கிய வட்டைக் கழற்ற எழுந்து நின்றபோது விமானம் தலைகீழானது. எந்த வட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்ததோ அதையே பிடித்துத் தொங்கினார். காலால் துழாவி உள்ளே ஏறி, விமானத்தை நிமிர்த்தி, உயிரோடு இறங்கினார்.

தீயைப் பற்றித்தான் எல்லாரும் குறைவாகப் பேசினார்கள், அதிகமாக நினைத்தார்கள். எஸ்.இ.5ஏ-வில் முதன்மைத் தொட்டி இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவில். கேமலில் முதுகுக்குப் பின்னால். துளைத்தால் தானாக மூடிக்கொள்ளும் தொட்டி கிடையாது. விமானம் என்பதோ மரச்சட்டம், லினன் துணி, அதன்மேல் எளிதில் பற்றும் வார்னிஷ். தீப்பிடித்தால் செய்ய வேண்டியது இது: பெட்ரோல் குழாயை மூடு, மின்பொறியை நிறுத்து, விமானத்தைப் பக்கவாட்டில் சரியவிட்டு இறக்கு. சரிந்து இறங்கும்போது காற்று ஒரு பக்கமிருந்து வீசுவதால் தீ மறுபக்கம் தள்ளப்படும். பத்தாயிரம் அடியில் பிடித்தால் இந்த வித்தை தரைவரை கைகொடுக்காது. பாக்கி இருப்பது குதிப்பது, எரிவது, அல்லது கைத்துப்பாக்கி. மானக் அதற்காகவே கைத்துப்பாக்கி வைத்திருந்தார், அதைச் சக விமானிகளிடம் மறைக்கவும் இல்லை.

பாராசூட் அந்தக் காலத்தில் இருந்தது. பலூனில் ஏறிய பார்வையாளர்கள் அதில் குதித்துத் தப்பினார்கள். கால்த்ராப் என்பவரின் பாராசூட்டை எதிரிப் பகுதியில் உளவாளிகளை இறக்கப் பயன்படுத்தினார்கள். சண்டை விமானிகளுக்கு மட்டும் போர் முடியும்வரை கொடுக்கவில்லை. எடை அதிகம், குறுகிய காக்பிட்டில் இடமில்லை என்பவை நியாயமான காரணங்கள். கொடுத்தால் விமானத்தைச் சீக்கிரமே கைவிட்டுவிடுவார்கள் என்ற எண்ணமும் மேலிடத்தில் இருந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெர்மானியர் 1918-இல் ஹைனெக்கெ பாராசூட்டைக் கொடுத்தார்கள். அது பலமுறை விரியாமலும் போயிற்று. ஆனால் ஜூன் 29 அன்று ஜெர்மன் விமானி எர்ன்ஸ்ட் உடெட்டின் பாராசூட் பட்டை சுக்கானில் மாட்டிக்கொண்ட பிறகும், அறுத்துக்கொண்டு விழுந்து, தரைக்குச் சற்று மேலே விரிந்து அவர் பிழைத்தார். அதனால் அவர் சண்டையை விட்டு ஓடிவிடவில்லை, தொடர்ந்து பறந்தார்.

இழப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் மெக்கானிக்குகளிடமிருந்து தொடங்க வேண்டும். கேமலில் சுமார் இரண்டரை மணி நேரத்துக்குத்தான் பெட்ரோல். கிளம்பிய நேரம் அவர்களுக்குத் தெரியும். திரும்பும் இன்ஜின் ஒலிகளை எண்ணுவார்கள், ஐந்து போய் நான்கு வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இரண்டரை மணி நேரம் தாண்டியதும் வானத்தைப் பார்ப்பதில் பயனில்லை, வேறு தளத்தில் இறங்கியிருந்தால் வரப்போகும் தொலைபேசிக்காகக் காத்திருப்பார்கள். ராத்திரிவரை அதுவும் வராவிட்டால் 'காணவில்லை' என்று பதிவாகும். நண்பன் ஒருவன் அவன் பெட்டியைத் திறந்து பட்டியல் எடுப்பான். அம்மா பார்த்தால் வருந்தக்கூடிய கடிதங்களைத் தனியே எடுத்துவிடுவான். மெஸ் கணக்கு தீர்க்கப்படும். கமாண்டர் குடும்பத்துக்கு எழுதுவார். சாப்பாட்டு மேசையில் காலி நாற்காலி இருக்கக்கூடாது என்பது ட்ரென்சார்டின் கொள்கை. அதனால் பிரான்ஸில் செயிண்ட் ஓமர் முகாமில் காத்திருக்கும் புதியவர்களில் ஒருவன் சீக்கிரமே வந்து, போனவனின் கட்டிலில் படுப்பான். சில நேரம் ஜெர்மன் விமானம் ஒன்று பறந்து வந்து, இன்னார் கைதி, இன்னார் இறந்துவிட்டார் என்று எழுதிய பையைப் போட்டுவிட்டுப் போகும்.

இப்படி மாதக்கணக்கில் இருந்தவனின் நரம்பு எப்படித் தளர்கிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. முதலில் தரையிறங்குவது கெடும், நன்றாக ஓட்டியவன் சக்கரத்தை உடைப்பான். பிறகு இன்ஜின் சரியில்லை என்று பாதியில் திரும்புவது அடிக்கடி நடக்கும். அந்த இன்ஜின்கள் உண்மையிலேயே அடிக்கடி கெட்டவை. எனவே கோளாறு இன்ஜினிலா மனிதனிலா என்று கமாண்டருக்கு உறுதியாகத் தெரியாது. சில நேரம் அவனுக்கே தெரியாது. மெக்கானிக் இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறார், அது ஒழுங்காக ஓடுகிறது, யாரும் எதுவும் சொல்வதில்லை. நாடகம் எழுதுபவருக்கு இதைவிட என்ன காட்சி வேண்டும்?

1918 ஜூலையைச் சொல்லாமல் விட முடியாது. எஸ்.இ.5ஏ ஓட்டிய 40-ஆம் ஸ்குவாட்ரனில் இந்திர லால் ராய் என்ற கல்கத்தாப் பையன் இருந்தான். பிறந்தது 1898 டிசம்பர் 2. 1917 டிசம்பரில் 56-ஆம் ஸ்குவாட்ரனில் இருந்தபோது விமானம் நொறுங்கிப் படுகாயம் அடைந்தான். பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் மன்றாடித் திரும்பி வந்தவன். மருத்துவமனைக் காலத்தில் அவன் வரைந்த விமான ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. ஜார்ஜ் மெக்எல்ராயின் குழுவில் சேர்ந்து, ஜூலையில் இரண்டே வாரங்களில் பத்து வெற்றிகள் பெற்றான்.

அந்த ஜூலை 9 அன்று, 57 வெற்றிகள் பெற்ற மெக்கடன், எதிரி யாரும் இல்லாத இடத்தில், கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து இறந்தார். வயது 23. ஜூலை 22 அன்று பிரான்ஸின் கார்வின் அருகே ஜெர்மன் ஃபோக்கர் டி.7 விமானங்களோடு நடந்த சண்டையில் ராய் எரிந்து விழுந்தான். வயது 19. ஜூலை 26 அன்று மானக். வீழ்த்திய விமானத்தைத் தொடர்ந்து தாழ இறங்காதே என்று தன் பையன்கள் ஒவ்வொருவருக்கும் படித்துப் படித்துச் சொன்னவர் அவர். புதியவரான டொனால்ட் இங்கிலிஸுக்கு முதல் வெற்றியைப் பெற்றுத்தரக் கூட்டிப்போனார், விமானம் விழுந்தது, அதைத் தொடர்ந்து அவரே தாழ இறங்கினார். பதுங்குகுழிகளிலிருந்து சுட்டார்கள், இன்ஜின் பக்கமிருந்து தீ கிளம்பியது. இங்கிலிஸும் சுடப்பட்டார், ஆனால் தன் பக்கத்துக்குள் இறங்கிவிட்டார். ஐந்து நாள் கழித்து, ஜூலை 31 அன்று மெக்எல்ராயும் தரையிலிருந்து வந்த குண்டுக்கு விழுந்தார்.

மானக் ஏன் தன் விதியையே மீறினார் என்பதற்குக் களைப்பு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் அவர் கண்ட தீக்கனவுகள், கைநடுக்கம், காய்ச்சல் எல்லாமே தொடர்ந்து பறந்தவர்களிடம் கண்ட அறிகுறிகள்தான். படைமருத்துவர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். ஓய்வுக்கு அனுப்பினால் கட்டிலை நிரப்ப செயிண்ட் ஓமரிலிருந்து வருபவன் 20 மணி நேரப் பையன், அவனுக்குக் கற்றுத்தர இவரைவிட்டால் ஆள் இல்லை. ஆகவே அவர் பறந்தார்.